தொட்டி

பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால்
கீழே இருக்கிறது எங்கள் தொட்டி.
பதினோரு வருஷமாக அதற்குள்
கிறிஸ்துமஸ் நட்சத்திரம், உடைந்த ஸ்பீக்கர்,
அடக்கத்துக்கு எடுக்கும் இரண்டு பெஞ்சு,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
கடைசியாக அதில் முங்கியெழுந்தவன் என் மகன்.
இப்போது ஒரகடத்தில் வேலை.
ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால்
தூக்கத்திலிருந்து பேசுவான்.
நான் ஒன்றும் கேட்பதில்லை.

சத்தியவேட்டில் எங்கள் சபை இருபத்திமூன்று பேர்.
பாஸ்டர் தைவாதீனம் தெலுங்கில் ஒரு வரி சொல்வார்,
நான் தமிழில் ஒரு வரி.
கணக்கு நோட்டும் என்னிடம்தான்.
அவர் சொற்களில் ஒன்று மட்டும்
எப்போதும் எனக்கு இடறும்: நிரீக்ஷண.
தமிழ் வேதத்தில் அதற்கு நேரே
நம்பிக்கை என்றிருக்கிறது.
அப்படியேதான் சொல்லிவந்தேன்.
ஆனால் தெலுங்குச் சொல்லுக்குள்
கண் இருக்கிறது, வழிபார்க்கிற கண்.
தமிழ்ச் சொல் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

ஆவணி முதல் வாரம் முனிரத்தினம் வந்து கேட்டார்,
தனக்கு ஞானஸ்நானம் தருவீர்களா என்று.
கருணம்மாவை டி.வி.எஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டு
கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நிற்பார்,
பீடி, பேப்பர், சில நாள் குட்டித் தூக்கம்,
ஆராதனை முடிகிறவரை.
முப்பத்தோரு வருஷம்.
உள்ளே வாங்க என்று அவள் ஒருமுறையும் கூப்பிட்டதில்லை.
அவருக்காக முழங்காலில் நிற்காமல்
ஒரு ஞாயிறும் வீடு போனதில்லை.
மாசியில் அவளைப் புதைத்தோம்.
அடுத்த ஞாயிறும் வண்டி வந்தது
பின்சீட்டு காலியாக.
அதே மரத்தடி.
ஆறு மாதம் நின்றார்.

ஆரணியாற்றில் மணல்தான்.
ஊத்துக்கோட்டை டேங்கர், ஆயிரத்து இருநூறு ரூபாய்,
எழுதிவைத்தேன்.
சனி ராத்திரி மார்பளவு நிரப்பினோம்.
விடிந்து பார்த்தால் இடுப்பளவு.
வடக்கு மூலையில் விரிசல்.
கொத்தனார் யோபு சிமெண்டைக் குழைத்து அப்பினார்,
அவர் மனைவி சோப்புக்கட்டியைத் திணித்தாள்,
ஒரு பையன் வாயிலிருந்த சூயிங்கத்தை நீட்டினான்,
அதையும் வாங்கி வைத்தார்கள்.
பாட்டில் இரண்டைக் குறைத்தோம்.
பிரசங்கத்தைக் குறைக்கச் சொல்ல
யாருக்கும் தைரியமில்லை.

பாஸ்டர் இறங்கியபோது தொடையளவு.
முனிரத்தினம் வெள்ளை வேட்டி,
கழற்ற மறந்த கைக்கடிகாரம்.
விசுவாசிக்கிறாயா என்று தெலுங்கில் ஒருமுறை,
என் குரலில் தமிழில் ஒருமுறை.
இரண்டுக்கும் தனித்தனியாகத் தலையாட்டினார்.
சாய்த்தார்கள். மூக்கு நனையவில்லை.
மறுபடி. முழங்கால் வெளியே நின்றது.
தெளித்துவிட்டுப் போகிற சபை இல்லை எங்களுடையது,
முழுகுதல் என்றால் முழுகுதல்.
யாரோ சிரித்தார்கள். நானும்தான்.
அப்போது அவர்
பாஸ்டரின் கையை மெல்ல விலக்கி
தொட்டித் தரையில் உட்கார்ந்து
வேலை முடிந்து வந்தவர் பாயில் சரிவதுபோல
பக்கவாட்டில் படுத்துக்கொண்டார்.
தண்ணீர் மூடியது.

எழவில்லை.
இன்னும் எழவில்லை.
பாஸ்டர் வரியை மறந்து நின்றார்.
இருபத்திமூன்று பேரும் மூச்சைப் பிடித்து
அந்த ஓரிடத்தையே பார்த்தோம்.
சொல் என் வாய்க்கு வந்தது, தெலுங்கிலேயே.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு இருமிக்கொண்டே எழுந்தார்.
கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் தொட்டி வற்றிவிட்டது.
சுவருக்கடியில் ஊர்ந்த தண்ணீர்
கேட்டுக்கு வெளியே வண்டி நிற்கும் இடத்தில்
ஈரமாய்க் கிடந்தது.
சிமெண்ட் நாற்பது ரூபாய், எழுதினேன்.
சோப்பை எழுதவில்லை.
பெஞ்சுகளைத் திரும்ப உள்ளே இறக்கலாமா
என்று கேட்டார் யோபு.
வெளியிலேயே இருக்கட்டும்,
விரிசலைச் சரியாகப் பூசுங்கள் என்றேன்.