காற்றின் வேகத்தால்

பதினோரு மனுவிலும் நான் எழுதாத வரி ஒன்று உண்டு.
திங்கள்தோறும் ராமநாதபுரம் போய்
ஆட்சியர் அலுவலக வேப்பமரத்தடியில் டோக்கன் வாங்கி
பச்சை மையில் ஒரு கையெழுத்துக்காக
பகலெல்லாம் நின்றவன் நான்.

இருபத்திரண்டு வயதில்
தங்கச்சிமடத்துச் சுவரொன்றில் சுண்ணாம்பு பூசி
"கடல் எங்கள் பட்டா" என்று எழுதப் போனேன்.
'ப' போட்டதும் பெயின்ட் தீர்ந்தது.
"கடல் எங்கள் ப" என்றே மூன்று மாதம் நின்றது சுவர்.
போகிறவர் வருகிறவர் மீதியை நிரப்பிக்கொண்டார்கள்:
பசி, பயம், பங்காளி.
யாரோ ஒரு பொடியன் கரித்துண்டால்
பரோட்டா என்று முடித்து வைத்தான்.

அப்போது நம்பினேன்
நல்லவர் ஒருவர் கோட்டைக்குப் போனால்
காற்றும் நம் பக்கம் திரும்பும் என்று.
போனார்கள், ஒருவர் மாற்றி ஒருவர்.
வாடை வாடையாகவே அடித்தது.

பிறகு நம்பாமலிருக்கப் பழகினேன்.
அது இன்னும் சுலபம்.
டீசல் விலைக்கும் அவர்கள்,
வலை கிழிந்ததற்கும் அவர்கள்.
மகன் ஒன்பதாம் வகுப்பில் பெயிலானபோதும்
அவர்களைத்தான் திட்டினேன்.
அவனே சிரித்துவிட்டான்.

அந்தப் புதன்கிழமை
முதல் இழுப்பில் காரலும் சங்காயமும்.
இரண்டாவதில் சங்காயம் மட்டும்.
ஜி.பி.எஸ். பெட்டி கூவத் தொடங்கியது.
"அண்ணே, கோடு" என்றான் சந்தியாகு.

கடலில் கோடு எதுவும் தெரியாது.
பதினோரு மனுவிலும் அதை எழுதியிருக்கிறேன்.
திரையில் தெரிந்தது.
அதை எழுதவில்லை.

"ஒரே ஒரு இழுப்புடா" என்றேன்.
கூவிய பெட்டிமேல்
என் பழைய பனியனைப் போட்டு மூடினேன்.

விடியுமுன் ரோந்துப் படகின் வெளிச்சம்.
எங்கள் மூவரை எச்சரித்து அனுப்பினார்கள்.
படகு அங்கேயே நின்றுவிட்டது.
சந்தியாகுவுக்கு இது இரண்டாம் முறை,
அதனால் ஒன்பது மாதம்.

பன்னிரண்டாம் மனுவோடு எமல்டா வீட்டுக்குப் போனேன்.
அவன் மனைவி. நண்டு கம்பெனியில்
சதை பிரித்துப் பிரித்து விரலில் ரேகை தேய்ந்தவள்.
ரேஷன் கடை மெஷின்
அவளை அவளென்று ஒப்புக்கொள்வதில்லை.
அரசைத் திட்ட
என்னைவிட அவளுக்குக் காரணம் அதிகம்.

நின்றபடியே படித்தாள்.
"காற்றின் வேகத்தால் படகு திசைமாறிச் சென்றுவிட்டது"
அந்த இடத்தில் விரலை வைத்தாள்.
"காத்தா, இன்னாசி அண்ணே?
அன்னைக்கு ராத்திரி துணி காயப்போட்டேன்.
விடிஞ்சும் ஈரமாத்தான் கெடந்துச்சு."

வேறொன்றும் கேட்கவில்லை.
தண்ணீர் லாரி ஹாரன் கேட்டுக்
குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

நான் உட்கார்ந்திருந்தேன்.
இரு கரை அரசும் இருந்தன அந்த மனுவில்.
காற்று இருந்தது, நீரோட்டம் இருந்தது,
இறந்துபோன என் அப்பாவின் உரிமைகூட இருந்தது.
சுக்கானைப் பிடித்த கை மட்டும் இல்லை.

சங்கத் தலைவரிடம் சொன்னேன்.
"எழுதித் தொலைச்சிராதே,
கேஸும் போகும் படகும் போகும்" என்றார்.
அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம்.
இரவு முழுக்க நான்கு தாளைக் கிழித்தேன்.
ஐந்தாவதில் இப்படி வந்தது:
சந்தியாகு தடுத்தான். திருப்பியது நான்.

இன்னமும் அவர்களை நம்பவில்லை.
எமல்டாவின் விரலுக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.
அது வேறு கணக்கு.
அதைக் காட்டி இதைக் கழிக்க முடியவில்லை என்னால்.

திங்கட்கிழமை. டோக்கன் எண்பத்தேழு.
"பழைய மனுதானே?" என்றார் எழுத்தர்.
"இல்ல சார், புதுசு" என்றேன்.
படிக்காமலே முத்திரை குத்தி
பழைய கட்டின்மேல் போட்டார்.
மின்விசிறிக்கு ஓரம் படபடத்தது தாள்.
அதன்மேல் ஒரு பேப்பர்வெயிட்டை
நானே எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.