முகூர்த்தம் இல்லாத மாதம்

ஆடி பிறந்தால்
ஊரில் யாருக்கும் கல்யாணம் இல்லை.
அதனால்தான் பள்ளத்தூர் மண்டபம்
ஞாயிறு மூன்று மணிக்கு எங்களுக்கு.
"கரண்ட் பில் மட்டும் கட்டிடுங்க" என்றார்
மேனேஜர் வைரவன்,
எங்கள் முகம் பார்க்காமல்
சாவிக்கொத்தைப் பார்த்து.

வாசலில் நான்கு படி.
இந்தப் பக்கத்துக் கட்டடங்கள்
தெருவோடு ஒட்டி நிற்பதில்லை;
மழைக்குப் பயந்தோ மரியாதைக்கோ
கொஞ்சம் தூக்கியே கட்டியிருப்பார்கள்.
முப்பத்தாறு வயதில்
எத்தனை முதுகுகளில் ஏறினேன் என்று
கணக்கு எழுதியிருந்தால்
ஒரு குயர் நோட்டு தீர்ந்திருக்கும்.

சாத்தையா சென்ட்ரிங் பலகைகளை இணைத்து
சாக்குச் சுற்றி ஆணி அடித்தான்.
பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்,
தொடக் கூடாது. அது என் நிபந்தனை.
பாதியில் பலகை முனகியது.
"தாங்குமா?"
"கான்கிரீட்டையே தாங்குச்சு, ஏறுங்க."

உள்ளே மேடையில்
போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள்:
உமையாள் வெட்ஸ் சொக்க.
மிச்சத்தை யாரோ பிய்த்துப் போயிருந்தார்கள்.

தூணுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே
தாழ்வாக ஒரு வலை.
உட்கார்ந்து ஆடும் வாலிபால்.
விதிகள் பல; முக்கியமானது ஒன்று:
பந்தை அடிக்கும்போது
உட்காருமிடம் தரையை விட்டு எழக் கூடாது.
எழுந்தால் ஃபவுல்.

நான் இதை வாசித்ததும்
சிகப்பி அக்கா சிரித்தாள், நிறுத்தவே முடியவில்லை.
கொஞ்சம் எழுந்து நிக்கப் பாரேம்மா,
முயற்சி பண்ணாமலே சொல்றியே:
பஸ்ஸில், பேங்கில், சாமி கும்பிடும் வரிசையில்,
அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்
பலகாரம் தின்றுகொண்டே.
எழுந்தால் ஃபவுல், எழுந்தால் ஃபவுல் என்று
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடைக்கலத்துக்குக் கண் தெரியாது.
பந்தை கேரி பேக்கில் கட்டினோம், சலசலக்க.
தடை செய்த பை எப்படிக் கிடைத்தது
என்று கேட்காதீர்கள்.

ஜெனோவாவுக்குப் பன்னிரண்டு வயது.
கை ஒரு திசையில் போகும், பந்து வேறு திசையில்.
அவள் அம்மாவை வெளியே அனுப்பினோம்,
ஒரு மணி நேரம் வரக் கூடாது என்று.
பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை
வெறும் கையோடு கடைத்தெருவுக்குப் போனவள்
என்ன செய்வதென்று தெரியாமல்
இரண்டு கிலோ வெங்காயம் வாங்கி வந்தாள்.
வீட்டில் ஏற்கெனவே மூன்று கிலோ இருந்ததாம்.

மூன்றாம் ஞாயிறு ஆள் ஒன்று குறைந்தது.
வைரவன் சாவிக்கொத்தைக் கீழே வைத்தார்.
வேட்டியை மடித்துக் கட்டி
சம்மணமிட்டு உட்கார்ந்தார்.
பந்து வந்தது; எழுந்தார். ஃபவுல்.
மறுபடி எழுந்தார். ஃபவுல்.
"பழக்கம் விடமாட்டேங்குது" என்றார், மூச்சு வாங்க.
நான்காவது தடவை எங்களில் யாரும் கவனிக்கவில்லை.
அடைக்கலம்தான் கத்தினான்:
"ஃபவுல்! வேட்டி சத்தம் கேட்டுச்சு!"

தோற்றுத் தரையில் மல்லாந்தவர்
மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்:
இருபது வருஷமா இங்க இருக்கேன்,
இந்த மண்டபம் இவ்வளவு உயரமுன்னு
இன்னிக்குத்தான் தெரியுது.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று
கடைக்குப் போன் செய்தார்.
பலகையை எடுக்கச் சொல்லத்தான் என்று நினைத்தேன்.
"சாம்பார் அண்டாவை அதுலதான் உருட்டினாங்க,
சமையல்காரரு விடமாட்டேங்கிறாரு,
பெண்ணோட பெரியப்பாவும் அதுலதான் ஏறினாரு.
கிடக்கட்டும்."

புரட்டாசியில் கிடைக்குமா என்றேன்.
சிலர் அந்த மாதமும் கல்யாணம் வைக்கிறார்கள்,
உறுதியாகச் சொல்ல முடியாதாம்.
மார்கழி நிச்சயம்.
நூற்றுப் பதினைந்து நாள்.
பந்தில் காற்று இறங்கிவிடும்.
பரவாயில்லை, பம்ப் என்னிடம் இருக்கிறது,
ஜெராக்ஸ் மெஷினுக்குக் கீழே,
எனக்கு எட்டுகிற உயரத்தில்.