ஈரம் பதினாலு

நெல்லின் ஈரம் எனக்குத் தெரியும்.
கருவியில் பதினாலு காட்டினால் மூட்டை இறங்கும்.
பதினேழைத் தாண்டி முள் ஏறினால்
லாரிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல்
டீக்கடைப் பக்கம் போய்விடுவார்.
புதுவயல் ஆலையில் பத்தொன்பது வருஷம்.
இவ்வளவுதான் நான் படித்த வானிலை.

கொச்சியில் இன்றைக்குத்
தொண்ணூற்று மூன்று என்கிறது போன்.
நெல்லாக இருந்தால்
இந்நேரம் முளைவிட்டிருக்கும் அந்த ஊர்.

"மூணு நாள். போ, உட்காரு, வாங்கிட்டு வா"
என்றார் முதலாளி.
வாங்க வேண்டியது ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.
தர வேண்டியவர் ஹம்சா,
மட்டாஞ்சேரியில் அரிசி மண்டி.
முகம் பார்த்ததில்லை.

குரல் தெரியும்.
வாரத்துக்கு இரண்டு தடவை
நான் பாக்கியைக் கேட்பேன்,
அவர் மழையைச் சொல்வார்.
"இப்போ பெய்யுது, கேக்குதா?"
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார் போல.
தகரத்தின் மேல்
மூட்டை மூட்டையாய் அரிசி சரியும் சத்தம்.
"இப்போ நின்னு. இப்போ வெயிலாணு, கேட்டோ."
வெயிலுக்கு என்ன சத்தம்?
இருந்தும் கேட்டுக்கொண்டிருப்பேன்.
பணம் மட்டும்
எந்தப் பருவத்திலும் வரவில்லை.

இங்கே என் ஜன்னலில்
புழுதி அடங்காத செம்மண் பாதை,
களத்தில் அவித்த நெல்லைக்
காலால் கிளறிப் போகும் வெள்ளையம்மா.
மேகம் என்று ஒன்று தெரிந்தால்
அது எங்கள் புகைபோக்கி விட்டது.

கட்டிலில் எல்லாம் பரப்பியாகிவிட்டது.
கண்டாங்கி இரண்டு, கஞ்சி போட்டவை.
"ஸ்டேஷன்ல இறங்குறதுக்குள்ள துவண்டுரும்க்கா,
சின்தடிக் எடுத்துக்க" என்றாள் ரோஸ்லின்.
திருச்சூரில் நர்சுக்குப் படித்தவள், தெரிந்துதான் சொல்வாள்.
ஆனால் சின்தடிக்கில் போய்க்
கறாராகப் பேச வருமா?
கடனை வசூலிக்கப் போகிறவளுக்குக்
கஞ்சி முக்கியம்.

பில் கட்டு, கணக்கு நகல்,
அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு மூன்று.
பாலித்தீன் பையில் ஒரு சுற்று,
அதற்கு மேல் இன்னொரு பை, ரப்பர் பேண்டு.
நான் நனையலாம்,
மை நனையக் கூடாது.

ஒன்பது மணிக்குப் பார்த்தால் போனில் சூரியன்.
ஒன்பதேகாலுக்கு மேகம்.
ஒன்பதரைக்கு மின்னல், அதன் முதுகில் பாதிச் சூரியன்.
ஹம்சாவிடம்தான் கேட்டு எழுதுகிறார்கள் போலிருக்கிறது.
கைப்பிடி ஆடும் குடையை
வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.

அப்புறம் சீப்புச்சீடை, ஒரு டப்பா.
ரயிலில் தின்ன
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஒரு கிலோ.
அந்த ஊர்க் காற்றில் நமத்துப்போகுமே என்று
பில் கட்டின் வெளிப்பையைக் கழற்றி
டப்பாவுக்குப் போட்டேன்.
புது மெஷினோடு வந்த
"தின்னாதே" என்று எழுதிய பொட்டலம் இரண்டையும்
மூடிக்கு மேலே செருகினேன்.
பில்லுக்கு ஒரு பை போதும்.

கடைசியில் ரெயின்கோட்.
போன தீபாவளிக்குக் காரைக்குடியில் வாங்கியது,
கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.
இங்கே பெய்கிற மழை
அதை உதறி மாட்டுவதற்குள் நின்றுவிடும்.
நம்பி எப்படிக் கொண்டுபோவது?

குளியலறையில் அதை மாட்டிக்கொண்டு
நின்றேன், நாற்பத்து மூன்று வயதில்,
ராத்திரிப் பத்து மணிக்கு.
தொப்பியை இழுத்துவிட்டு
தலையோடு ஒரு செம்பு.
தண்ணீர் நிற்காமல் உருண்டது.
இன்னொரு செம்பு.
காதருகே கேட்டது
அந்தத் தகரச் சத்தம்.
மூன்று, நான்கு.
தொட்டித் தண்ணீர் பாதியாகிவிட்டது.

இடது தோள் தையலில்
ஒரு சொட்டு உள்ளே வந்தது.
சில்லென்று, மெதுவாக,
முழங்கை வரைக்கும் இறங்கியது.

ஊசியும் நூலும் அலமாரியில்தான் இருக்கின்றன.
ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.
எங்கே ஒழுகும் என்று தெரிந்துவிட்டது,
இருக்கட்டும்.

உதறி, ஈரத்தோடே மடித்துப்
பைக்குள் மேலாக வைத்தேன்.
கருவியைச் செருகிப் பார்த்தால்
இப்போதே பதினாலைத் தாண்டியிருக்கும்.
ஜிப்பை இழுத்து மூடினேன்.