தவணை நாள் சாப்பாடு

பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு.
அந்தப் பக்கம் சாயாவுக்கு இரண்டு ரூபாய் கூடுதல்.
நடுவில் போகும்போது போன் ஒருமுறை சிணுங்கி
என்னை வேறொரு மாநிலத்துக்கு வரவேற்கும்.
வயிற்றுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு வசூல்.
பதினான்கு குழு, நூற்றிச்சொச்சம் பெண்கள்.
ஸ்கூட்டி சீட்டுக்கடியில் ரசீது எந்திரமும் ஒரு குடையும்.
காலை ஆறரைக்கு வீட்டில் ஒன்றும் இறங்காது.
எட்டரைக்கு, அந்தப் பக்கம், சோமன் கடையில் இறங்கும்.
என் ஹெல்மெட் வளைவில் தெரிந்ததும்
புட்டுக்குழல் அடுப்பில் ஏறிவிடும்.
கேட்கமாட்டார்.
சிறுபயறு, பப்படம்,
எல்லாவற்றையும் நொறுக்கிப் பிசைய
புள்ளி விழுந்த பாளையங்கோட்டான் பழம் ஒன்று.

மழை பிடித்தால் மட்டும் தங்கையன் கடை ரசவடை.
முந்தின நாள் வடைதான், அவரே சொல்வார்.
ரசத்தில் ஊறி ஊறி
அது தன் வயதை மறந்திருக்கும்.

மதியம் ஒன்றேகாலுக்கு லில்லிபாய்.

பெயர்ப்பலகை கிடையாது.
தோற்றுப்போன வேட்பாளர் ஒருவரின் பேனர்தான் கூரை.
அவருடைய கும்பிட்ட கைகளுக்கு நேர் கீழே
நாங்கள் கைகழுவும் வாளி.
மரச்சீனியின் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு
தேங்காயும் சீரகமும் காந்தாரியும் அரைத்துப் போட்டு
மரத்துடுப்பால் மயக்குவாள்,
முழங்கை வரை கோபம் வந்தவள்போல.
மேலே சாளைக் குழம்பு,
நேற்று வைத்து இன்று நியாயமானது.

லில்லிபாயும் என் ஏட்டில் இருக்கிறாள்.
குழு ஒன்பது. வாரம் அறுநூற்று நாற்பது.
இன்றோடு மூன்று தவணை நிற்கிறது.
போன இரண்டு செவ்வாயும்
வண்டியை அணைக்காமலே தவணை கேட்டேன்.
இல்லை என்றாள்.
மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்
பேக்கரியில் பப்ஸ் தின்றேன்.
வாடிக்கையாளர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது
என்பது மேனேஜர் உத்தரவு.
கடையும் வீட்டில் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் ஆமாம் என்றுவிடுவார்.

இன்று பெஞ்சில் இலைத்துண்டு முன்னாலேயே கிடந்தது.
"தின்னுட்டுப் பேசு மக்ளே,
பசிச்ச வயித்தோட எண்ணினா கணக்கு தப்பும்."

வண்டியை அணைத்தேன்.

காந்தாரி காது வரை ஏறியது.
பெஞ்சின் அடுத்த முனையில் மீன்வண்டிக்காரன்
போனில் யாரையோ மலையாளத்தில் ஏசிக்கொண்டே
தமிழில் இன்னும் ரெண்டு கரண்டி கேட்டான்.
நானும் கேட்டேன்.
யாரும் எதுவும் பேசவில்லை, சட்டியைத் தவிர.

ஐம்பது ரூபாய் ஆயிற்று.
நான் கொடுத்த தாளின் ஓரத்தில்
யாரோ ஒரு போன் நம்பரைப் பாதி எழுதி விட்டிருந்தார்கள்.
அது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போனது.

கை கழுவிவிட்டு வந்து
எந்திரத்தை எடுத்தேன்.
என்ன செய்வது, அதுதான் என் வேலை.
அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.
பாட்டிலை இலை போட்ட பெஞ்சிலேயே கவிழ்த்து
பத்துகள், இருபதுகள், மீன்காரனின் நூறு,
ஈரமான சில்லறை என்று
எண்ணி எண்ணி ஐந்நூற்றுத் தொண்ணூறு வந்தது.
கடைசியாகப் பாதி நம்பரை வைத்தாள்.
சரியாக அறுநூற்று நாற்பது.

எந்திரம் ரசீதைத் துப்பியது.
கிழித்துக் கொடுத்தேன்.
என் கட்டைவிரல் மஞ்சளாக அதில் பதிந்திருந்தது,
கைநாட்டு வைத்தது நான் என்பதுபோல.
"இன்னும் ரெண்டு" என்றேன்.
"தெரியும்" என்றவள்
மறுபடி சட்டியின் பக்கம் திரும்பினாள்.
மீன்காரனிடம் எனக்கு வாங்காத கோபமெல்லாம் வாங்கினான்
அவனுடைய சாளை சின்னது என்று.

சாயங்காலம் கிளையில் பணம் கட்டும்போது
கேஷியர் ஜெறால்டு கட்டை முகர்ந்து பார்த்தார்.
"அயிலையா, சாளையா?"
"சாளை."
"எந்தக் கடை?"

மீதியை எண்ணுங்கள் சார் என்றேன்.