இரண்டு நாக்கு

டிசம்பர் பதினேழு. விடியவே மழை.
எமில்டா மாமி கொப்பியை விரித்து
'பெரிய இறைச்சி' என்றெழுதிக் கோடு இழுத்தார்.
கோட்டுக்குக் கீழே அரை மணித்தியாலமாய் ஒன்றுமில்லை.

கிளாறன்சுக்குப் பன்றி, வினாகிரி போட்டு, தோலோடு.
யூஜினிக்கு வான்கோழி, அதுவும் முழுசாய்,
கொழும்பில் அவளுடைய மனேஜர் வீட்டில் கண்ட மாதிரி.
"எந்தச் சட்டிக்குள்ள வைப்பாய்? குளிக்கிற தொட்டிக்குள்ளயோ?"
இவர் ஆட்டின் விலையைச் சொன்னார்.
மேசை கொஞ்ச நேரம் செபத்தில் இருந்தது.
பிறகு திரும்பவும் சண்டை:
போன வருஷத்து வாத்து,
அதற்கு முந்தின வருஷம் வேகாத தொடை,
யார் காசு, யார் சமையல்.

கடைசியில் மாமி பேனையை என் பக்கம் உருட்டினார்.
"நீ சொல்லு. நீதான் ஒண்டும் தின்னாதவள்.
உனக்கு ஒரு பக்கமும் இல்லை."

பாலையூற்றுக்கு வாழ்க்கைப்பட்டு நாலு நத்தார்.
மேசை மூலையில் எனக்கென்று
பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இருக்கும்.
இறைச்சி தின்னாதவளுக்குச் சாப்பாடு கெதியாய் முடியும்.
முடிந்தபின் என்ன செய்வது,
மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படித்தான் எனக்குத் தெரியும்:
மாமா ஒரு துண்டை இடக் கன்னத்தில் ஒதுக்கி,
தண்ணீர் குடித்து, கதை கேட்பதுபோல் தலையாட்டி,
பிறகு கைலேஞ்சிக்குள் துப்புவது.
துறைமுகத்தில் முப்பது வருஷம் பாரந்தூக்கி ஓட்டியவர்.
வலப்பக்கம் மேலே இரண்டு, கீழே ஒன்றுமில்லை.
இன்றைக்கும் கேட்டபோது
"எனக்கு எதெண்டாலும் சரி" என்றார்
சன்னலைப் பார்த்தபடி.

மறுநாள் குடையோடு ரவுணுக்குப் போனேன்.
பஸ் நிலையத்தில் மான்கள் நனைந்து நின்று
யாரோ எறிந்த வாழைப்பழத் தோலை மென்றன.
எங்கோ கோயில் மணி.
திருவாதிரைக்கு அம்மா விரதம் தொடங்கியிருப்பா.
நான் இறைச்சிக் கடை வரிசையில்.

கிண்ணியா நிஸ்தார் காக்கா கத்தியைத் தீட்டினார்.
"கறிக்கோ, பொரிக்கவோ?"
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
"எது பஞ்சு மாதிரி அவியும்?"
"பல்லில்லாத ஆக்களுக்கோ, தங்கச்சி?"
"இல்லை. எனக்கு."
இவ்வளவு வேகமாய் நான் பொய் சொன்னதே இல்லை.

உள்ளே போய் அவர் கொண்டுவந்தது
மாட்டு நாக்கு.
"உப்பில ஒரு கிழமை ஊறட்டும்,
நாலு மணித்தியாலம் அவியட்டும்.
தோல் காலுறை மாதிரிக் கழண்டு வரும்.
பிறகு வாயில வைச்சாக் காணும்."

அதன் சொரசொரப்பு எனக்குத் தெரியும்.
தம்பலகாமத்தில் எங்கள் செவலைப் பசு
என் உள்ளங்கை உப்பை நக்கும்,
உப்புத் தீர்ந்த பிறகும் நக்கும்.
குடைக் கம்பிகளை எண்ணினேன்.
எட்டு.
"வீட்டில எத்தினை பேர்?" அதுவும் எட்டு.
"அப்ப ஒண்டு காணாது" என்றார்.

அப்படித்தான் நான்
இரண்டு நாக்கோடு வீட்டுக்கு வந்தேன்.

கிளாறன்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.
யூஜினி ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை.
மாமி அழுத்திப் பார்த்து, முகர்ந்து,
கொப்பியில் எழுதி, வெடியுப்புக்கு ஆளனுப்பினார்.
மூன்றாம் நாள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது,
சவிரியான் வீட்டு மருமகள் இறைச்சி தொடங்கிவிட்டாள்,
தொடங்கினதும் மாட்டில்.
அம்மாவுக்கும் போயிருக்கும்.
போன் வரவில்லை.

நத்தார் இரவு.
மெல்லிய சீவல்கள், மேலே அரைத்த கடுகு.
மாமா ஒன்று எடுத்தார். பிறகு இரண்டு.
தண்ணீர்க் கோப்பை நிறைந்தபடி நின்றது.
கைலேஞ்சி மடிப்புக் கலையாமல் சட்டைப் பைக்குள்.
சீனன்குடாவில் தரைதட்டிய கப்பலைப் பற்றி
வாயில் இறைச்சியோடு
ஒரு வசனத்தை முழுசாய்ச் சொல்லி முடித்தார்.
யூஜினிகூடச் சட்டியைச் சுரண்டினாள்.

நான் என் பருப்பை முடித்திருந்தேன்.

மாமா கத்தரிக்காய்ச் சட்டியை
என் பக்கம் தள்ளினார்.
"இன்னும் கொஞ்சம் போடு பிள்ளை.
நீ எப்பவும் கெதியா முடிச்சிட்டுப்
பாத்துக்கொண்டு இருக்கிறாய்" என்றார்
என்னைப் பாராமல்.