இணைந்த சாதனம்: 1

அன்லிமிடெட் என்று போர்டு வைத்திருந்தார்
ராயக்கோட்டை கடைக்காரர்.
பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி.
"அது என்னங்க பாய்?"
"அதுதாங்க லிமிட்" என்றார் மக்பூல்,
ரீசார்ஜ் செய்தபடியே, சிரிக்காமல்.

அவர் கணக்கில் மாதம் என்பது இருபத்தெட்டு நாள்.
வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்.
நாள் என்பது இரண்டு ஜி.பி.
அது தீர்ந்தபின் வருவதற்கும் வேகம் என்றுதான் பெயர்.
ஒரு எக்ஸ்ரே இறங்குவதற்குள்
நானே சேலம் போய்
அந்த எலும்பைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

எங்கள் வீடு பள்ளிக்கூட வேனாக இருந்து ஓய்வு பெற்றது.
மஞ்சள் பெயின்ட் சுரண்டிய இடத்தில்
'குழந்தைகள் கவனம்' இன்னும் மங்கலாகத் தெரியும்.
ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கூரையில் சோலார் பலகை,
ஸ்கேன் ரிப்போர்ட் அடிக்கும் என் மடிக்கணினி,
திம்மராயன், அவன் குறட்டை.
ஓசூர் வாடகைக்கு டீசல் மலிவு என்றான்.
டேட்டாவை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
கெலமங்கலம் பஸ் ஸ்டாண்டு: நாலு கோடு, சந்தை நாளில் ஒன்று.
அஞ்செட்டி இறக்கம், மூன்றாவது வளைவு: ஒன்றுமில்லை.
யானை லத்தி. ஆவி பறக்கிறது. உடனே கிளம்பவும்.
பென்னாகரம் தாண்டி: ஒன்று; வேன் மேல் ஏறினால் இரண்டு.
தொப்பூர் கணவாய்: கோடு உண்டு, நிறுத்த இடமில்லை,
பிரேக் தீயும் வாடை.
ஒகேனக்கல்: அக்கரை டவர் கன்னடத்தில் வரவேற்கிறது.

மலை பார்க்கத்தான் வீட்டை உருட்டினோம்.
கடைசியில் வாரத்தில் ஐந்து ராத்திரி
கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்கு இந்தப்புறம்,
லாரிகளுக்கு நடுவே, டவருக்கு அடியில்.
மாடாவது முளைக்குச்சியைச் சுற்றி வரும்.

நேற்று பதினொன்றேகாலுக்கு ஜன்னலைத் தட்டினார் ஒருவர்.
ஜவ்வரிசி லோடு, புனே போக வேண்டும்.
தொப்பூரில் கிளச் போய் ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறார்.
"பில்லு பன்னெண்டு மணியோட முடியுதும்மா.
மொதலாளி புதுசு அனுப்பிட்டாரு,
என் போன்ல காசில்ல, எறங்க மாட்டேங்குது."

என்னிடம் மீதி நானூறு எம்.பி.
பன்னிரண்டுக்குள் எனக்கு
ஒரு முதுகெலும்பும் இரண்டு முழங்காலும் இறங்க வேண்டும்.
திம்மராயன் குறட்டையை நிறுத்தினான்.
அதுவும் ஒரு கருத்துதான்.

கடவுச்சொல்லைச் சொன்னேன்.
உதடு அசைய, எழுத்து எழுத்தாக அடித்தார்.

இணைந்த சாதனம்: 1.
பெயர்: கோமளா.
தன் பெயர் பச்சைமுத்து என்று சொல்லியிருந்தார்.

பில் இருநூறு கே.பி. இருந்திருக்கும்.
மீதி மட்டும் குறைந்துகொண்டே போனது.
முந்நூற்று அறுபது. இருநூற்றுத் தொண்ணூறு.
சொல்லிவிடலாம் என்று கதவைத் திறந்தேன்.
கேபின் இருட்டில் முகம் மட்டும் நீலமாக.
மூன்று நாள் வாட்ஸப் ஒரே மூச்சில் வந்து விழுந்திருக்கிறது.
தண்ணி மோட்டார் எரிந்துபோனதைச் சொன்னது ஒரு குரல்.
அதே குரல், அடுத்ததில், சாப்பிட்டியா.
பிறகு ஒரு பொடிசு ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கி
ஏழெட்டில் நின்றது.
"அம்பத்தாறு" என்றார் பச்சைமுத்து,
என்றோ பதிவான குரலுக்கு.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

முதுகெலும்பு வந்து சேர்ந்தது.
முழங்கால்கள் பாதியில் நின்றன.
நெட்வொர்க் பிரச்சினை என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினேன்.
பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

பன்னிரண்டுக்குச் சற்று முன் லாரி உறுமியது.
கை ஒன்று வெளியே வந்து ஆடியது.
திரையில் இன்னும் 1.
பின்விளக்குகள் வரிசையில் போய்ச் சேர்ந்தன.
இன்னும் 1.
எவ்வளவு தூரம் எட்டும் என்று
நான் நோட்டில் எழுதி வைத்ததில்லை.
தடுப்புக் கட்டை எழுந்தது, தாழ்ந்தது.

0.