நான்காம் பக்கம், கீழ் மூலை

துவாரகநாத் என் பெயரை எழுதியது ஒரே ஒரு தடவை.
தொண்ணூற்று நாலு, மாசி மாதம்,
செக்கானூரணி மின்னொளிக் கபடி.
கடைசியாய்ப் பாடிப் போய்
மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினேன்.
மறுநாள் மாலைப் பேப்பரில்
நான்காம் பக்கம், கீழ் மூலை,
மூலம் பௌத்திரம் விளம்பரத்துக்கு மேலே
'பிச்சப்பன் அபாரம்' என்று வந்தது.

நான் ஒச்சப்பன்.
கருமாத்தூர்க் கோயிலில் மொட்டை போட்டு வைத்த பெயர்.
அன்றிலிருந்து டீக்கடையில் பிச்சை.
மாமனார் ஊரில் பிச்சை மாப்பிள்ளை.
ரேஷன் கார்டு ஒன்றுதான் கடைசிவரை என் பக்கம் நின்றது.

சண்டை போடத்தான் மதுரைக்கு பஸ் ஏறினேன்.
டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடி,
படியெல்லாம் மை வாசனை.
அவர் போனில் இருந்தார்.
ஒரு காதில் வாடிப்பட்டி வாலிபால்,
மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு
எப்படியோ தொடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.
தூக்குவாளியை நீட்டிய பையனைச்
சௌராஷ்டிரத்தில் திட்டினார்,
போனில் 'சொல்லுங்கய்யா, மூணாவது செட்டு' என்றார்,
இரண்டுக்கும் நடுவே மூச்சு விடவில்லை.
கபடிக்காரனுக்குத் தெரியும் அது என்ன வித்தை என்று.
பேசாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அப்புறம் அவர் லோக்கல் கேபிளுக்கு வந்தார்.
ரேஸ்கோர்ஸ் மைதானத்து ஹாக்கி.
கேமராவைப் பார்க்கச் சொன்னால் பந்தைப் பார்ப்பார்,
ஆகவே வீட்டு டிவியில் எங்களுக்குத் தெரிந்தது
பெரும்பாலும் அவருடைய வலது காது.
அப்புறம் எப்.எம்., காலை ஏழே முக்காலுக்கு இரண்டு நிமிடம்,
நான் லோடு ஆட்டோவில் பாலத்தடியில் நிற்கும் நேரம்.
அப்புறம் சென்னை, கோட்டு, ஏசி அறை.
பக்கத்தில் ஒரு பையன் 'சூப்பர்! சூப்பர்!' என்று கத்துவான்.
இவர் மெதுவாய்,
'கணுக்காலை விட்டுட்டான் பாருங்க, இனி போயிரும்.'
போயிரும்.
ஒருநாளும் போகாமல் இருந்ததில்லை.

ஒரு வருடம் அந்த நாற்காலியில்
சினிமா காமெடியன் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
துவாரகநாத் எங்கே என்று எந்தப் பேப்பரும் கேட்கவில்லை,
நான்காம் பக்கத்தில்கூட.

போன மாட்டுப்பொங்கலுக்குப்
பாலமேட்டில் தண்ணீர் கேன் இறக்கப் போனேன்.
'மாடு வருது, ஓரமாப் போங்க,
தொட்டவனுக்குக் கட்டில், தொடாதவனுக்குக் கட்டு!'
மேடையில் அந்தக் குரல்,
தொண்டையில் மணல் ஏறிய மாதிரி.
கேனைச் சுமந்து ஏறினேன்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

மைக்கைக் கையால் மூடினார்.
'செக்கானூரணி,' என்றார்.
'எதிர்ல நாலு பேரு மிச்சம்.
வலது காலைக் காட்டிட்டு இடது காலால தொட்டே.
திரும்பும்போது கொத்தா விழுந்தாங்க.
நடுக்கோட்டுல உன் சுண்டுவிரல் மட்டும்தான் பட்டுச்சு,
ரெப்ரி பாக்கல. நான் பாத்தேன்.'

அந்தச் சுண்டுவிரலை நான்
பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.
சொன்னால் யார் நம்புவார்?

'பிச்சப்பன்தானே?' என்றார்.
'ஆமாய்யா' என்றேன்.

இருமல் வந்தது அவருக்கு.
மைக்கை என் கையில் திணித்துவிட்டு
நான் கொண்டுவந்த கேனிலிருந்தே
ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார்.
மூன்று பக்கமும் கேலரி,
மாட்டுக்காரர், போலீஸ், கலெக்டர் பந்தல், மாடிமேல் மாடி,
எல்லாருக்கும் கேட்கும் ஒலிபெருக்கி.
ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தொண்டையைச் செருமினேன்.
'வெள்ளை பொலிரோ வண்டி, ஐம்பத்தெட்டாம் நம்பர்,
ரோட்டை மறிச்சு நிக்குது.
கொஞ்சம் எடுத்துருங்க.
ஆம்புலன்ஸ் திரும்ப முடியல.'

'நல்ல குரல்' என்றார்,
வாயைத் துடைத்துக்கொண்டு.